கொள்கையைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளாதீர்கள்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு கல்லூரியில் சமூகப்பணித் துறையில் பிஎச்டி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குழந்தைகள், குடும்பங்கள், அவர்களுடைய மனநலம், இதில் அரசு என்ன செய்கிறது என்று ஆராயத்தான் வந்தேன். கைடு, "முதலில் ஐந்நூறு மாணவர்களிடம் ஒரு சர்வே எடு, கொள்கை எல்லாம் கடைசி அத்தியாயத்தில் பரிந்துரையாக எழுதிக்கொள்ளலாம்" என்கிறார். சீனியர்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. நான் டாக்டர் இல்லை, பின்னால் பெரிய நிறுவனமும் இல்லை. என்னைப் போன்ற ஒருத்தி எழுதுவதை எந்த அதிகாரி படிக்கப்போகிறார்?

க., வேளச்சேரி

அன்புள்ள க.,

உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். அந்தக் கடைசி அத்தியாயத்தை நான் நிறையப் படித்திருக்கிறேன். "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும், பள்ளிதோறும் ஆலோசகர் நியமிக்க வேண்டும், பெற்றோருக்குப் பயிற்சி தர வேண்டும்." யார் நியமிப்பது, எந்த நிதியில், இப்போது அந்த வேலையை யார் பார்க்கிறார்கள், ஒன்றும் இருக்காது. முந்தைய நான்கு அத்தியாயங்களில் கேட்காத கேள்விக்கு ஐந்தாவதில் விடை எப்படி வரும்?

எத்தனை குழந்தைகளுக்குச் சிக்கல் இருக்கிறது என்பது முக்கியமான கேள்வி, மறுக்கவில்லை. 2015-16ல் பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது என்பது அதன் பெரிய குறை. ஆனால் அந்தக் குறையை நிரப்பப் பெரிய குழுவும் பல வருடங்களும் வேண்டும். நான்கு பள்ளிகளில் நீங்கள் எடுக்கும் ஐந்நூறு கேள்வித்தாள் அதை நிரப்பாது.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஒரு நோயை எடுத்துக்கொள்ளாதீர்கள், அரசு எடுத்த ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி தெரிந்த, அரசாணை இருக்கிற, கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு பதவிப் பெயர் இருக்கிற முடிவு. அது வீட்டுக்குள் போய் என்ன செய்தது என்று பாருங்கள்.

இப்படிப் பார்க்க ஆரம்பித்தால், குழந்தைகளின் மனநலத்தைத் தீர்மானிக்கிற முடிவுகளில் பெரும்பாலானவை சுகாதாரத் துறையிலேயே இல்லை என்பது தெரியும். 2017ல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதைத் தமிழ்நாடு நிறுத்தியது. அது பள்ளிக்கல்வித் துறையின் முடிவு. தோற்றவர்கள் அந்த வருடத்தை இழக்காமல் உடனே எழுதும் துணைத் தேர்வும் அவர்களுடையதுதான். தேர்வுத் தோல்வியால் நடக்கும் தற்கொலைகளை அது குறைத்ததா என்று, நம் ஊரில் 1986ல் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் மற்றவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு தேர்வு கால அட்டவணை உயிரைக் காப்பாற்றுமா என்று கேட்கிற ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த வகை ஆய்வு.

வீட்டுவசதியை எடுங்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றியபோது, கல்வியாண்டின் நடுவில் மாற்றப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் பழைய பள்ளிக்கே பஸ் ஏறிப் போனார்களா, நின்றுவிட்டார்களா, அப்பா அம்மாவின் வேலை போனதும் வீட்டில் என்ன ஆனது? காலி செய்யச் சொல்லும் தேதியை யாரோ ஒரு அதிகாரி குறிக்கிறார். அந்தத் தேதியை மாற்ற முடியும்.

அப்புறம் டாஸ்மாக். எனக்கு நீங்கள் இதைச் செய்ய வேண்டும் என்றுகூட ஆசை. 2016, 2017, 2023 என மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 500 கடைகளை அரசு மூடியது. 2016ல் கடை திறக்கும் நேரத்தையும் காலை 10 மணியிலிருந்து மதியம் 12 ஆக மாற்றினார்கள். கடை மூடிய தெருவில் அப்பா வீட்டுக்கு வரும் நேரம் மாறியதா, பையன் படிக்க உட்கார்ந்தானா, அம்மா அடி வாங்குவது குறைந்ததா, இல்லை எல்லோரும் அடுத்த தெருக் கடைக்குப் போய் பஸ் செலவும் சேர்ந்ததா? மூடிய கடைகள் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்தவை இல்லை என்பதால் மூடிய தெரு, மூடாத தெரு என்று நேரடியாக ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். ஏன் அந்தக் கடை என்று முதலில் கேட்க வேண்டும். இன்னொன்று, யாருக்கும் தேதி நினைவிருக்காது. "உங்க பொண்ணு அப்போ என்ன கிளாஸ்?" என்று கேளுங்கள், அம்மாக்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

சுகாதாரத் துறைக்குள்ளேயே வேண்டுமென்றால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவைப் படியுங்கள். மனநல மருத்துவமனையில் சேரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. வார்டில் அந்தக் குழந்தைக்கு எங்கே படுக்கை, பால் யார் வாங்குகிறார்கள், இரவு யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இந்த ஒரு வரியை வைத்தே ஒரு முழு பிஎச்டி எழுதலாம்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய விஷயம். எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதுவதை ஒரு சடங்காக நினைக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், கூடவே 7 வயதிலிருந்து 12 வரை குழந்தையின் வாய்மொழிச் சம்மதமும் அதற்கு மேல் எழுத்துச் சம்மதமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல்படி வேண்டும். இதெல்லாம் படிவத்தில் இருக்கும். படிவத்தில் இல்லாதது, ஒரு பிள்ளை உங்களிடம் திடீரென்று வாய் திறக்கும் நேரம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. ஆராய்ச்சி மாணவிக்கு விலக்கு இல்லை. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதனால் "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். எதைச் சொன்னால் நான் வெளியே சொல்ல வேண்டியிருக்கும் என்பதை, பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அதற்குப் புரியும்படி சொல்லுங்கள். சிலர் அதைக் கேட்டு மௌனமாகிவிடுவார்கள், உங்கள் தரவு குறையும். குறையட்டும். நம்பி வாய் திறந்த பிள்ளை, அடுத்த நாள் போலீஸ் வந்து நிற்கும்போது நீங்கள் ஏமாற்றியதாக நினைக்கக் கூடாது.

அப்பாவின் குடியைப் பற்றிய பேட்டியை அந்த வீட்டில் வைத்து எடுக்காதீர்கள். நீங்கள் ஆட்டோ ஏறிய பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அந்த அம்மாவும் பிள்ளையும்தான். அங்கன்வாடி, பள்ளி மைதானம், சங்க அலுவலகம், எங்காவது வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவி எண் 14416 இரண்டையும் அச்சடித்துக் கொடுத்தால் மட்டும் போதாது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கத்திலும் குழந்தைகளை மனநல டாக்டர் பார்ப்பது என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று நேரில் போய்த் தெரிந்துகொண்ட பிறகே முதல் பேட்டிக்குக் கிளம்புங்கள்.

சரி, யார் படிப்பார்கள் என்று கேட்டீர்கள். ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறது, தமிழிலேயே கிடைக்கும். உங்கள் துறைக்குரியதைக் கடந்த பத்து வருடத்துக்கு எடுத்து வரிசையாக வாசியுங்கள், எந்தத் திட்டம் சத்தமில்லாமல் காணாமல் போனது என்று தெரிந்துவிடும். அங்கே இல்லாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) கேளுங்கள், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். முடித்ததும் ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம் சமர்ப்பியுங்கள், பட்டத்துக்கு அது வேண்டும். கூடவே தமிழில் நான்கு பக்கம் எழுதி, செயலாளருக்கு ஒரு பிரதி அனுப்பினாலும், கோப்பில் முதல் குறிப்பு எழுதுகிற உதவிப் பிரிவு அலுவலரைத் தேடிப் போய்க் கையில் கொடுங்கள். ஊர் பெயரோடும் அரசாணை எண்ணோடும் இருக்கிற காகிதம் அவருக்கு உபயோகப்படும், எழுதியவர் யார் என்று அவர் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஒரு முடிவால் என்ன நடந்தது என்று நேரில் போய்ப் பார்த்து வந்து சொல்ல அவருக்கு ஆள் இல்லை, நீங்கள் போய்ப் பார்த்திருக்கிறீர்கள்.

கைடோடு சண்டை போட வேண்டாம். சர்வே எடுக்கிறேன் என்றே சொல்லுங்கள், ஆனால் ஐந்நூறு மாணவர்களுக்குப் பதில் ஒரு முடிவால் தொடப்பட்ட நூறு குடும்பங்கள் என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ளத் தயங்கினால் ஒரு பக்கத்தில் கேள்வியை எழுதிக் காட்டுங்கள். அதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், ஆர்டிஐ மனுவின் வரைவையும் சேர்த்து. இரண்டையும் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.