ஊரும் காலனியும் ஒரே படத்தில்: ஆவணப்படம் கேள்வி–பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

எங்கள் ஊரில் சுடுகாட்டுப் பாதைத் தகராறு பல வருஷமாக ஓடுகிறது. படம் எடுக்கலாம் என்று போனால் இரு தரப்பும் "இப்பல்லாம் சாதி எங்கங்க இருக்குது" என்றே பேசுகிறார்கள். எப்படிப் பேசவைப்பது?
– இளைஞர் குழு, பாப்பிரெட்டிப்பட்டி வட்டம்

சாதி பார்க்கிறீர்களா என்று கேட்டால் உலகத்தில் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். கடைசியாக ஒரு சாவு எடுத்தபோது எந்த வழியாகப் போனார்கள், ஓடையில் தண்ணீர் வந்தால் பாடையை எங்கே இறக்கி வைத்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கேளுங்கள். ஊர்க்காரர்களிடம் தேர் எந்தத் தெருவோடு திரும்பும், மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் முதலில் எந்தக் குழாய்க்கு வரும் என்று கேளுங்கள். பதில் தானாக வரும். பிறகு அந்தப் பாதையை வீட்டு வாசலிலிருந்து சுடுகாடு வரை, ஒருவர் முன்னே நடக்க, நெஞ்சு உயரத்தில் கேமராவைப் பிடித்தபடி, வெட்டாமல் ஒரே ஷாட்டாக எடுங்கள். அரைமணி நேரப் பேட்டி சொல்லாததை அது சொல்லும்.

படப்பிடிப்புக்கு முன்பே நிலத்தின் தாளைக் கையில் வைத்திருங்கள். நிலத்தின் எல்லையைக் காட்டும் புல வரைபடமும், எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேடும் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். பாதை புறம்போக்கா, யாருடைய பட்டாவிலாவது வருகிறதா என்பது அதில் தெரியும். மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுவின் நிலையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். தாள் இல்லாத படத்தை "இவர்கள் கிளப்பிவிடுகிறார்கள்" என்ற ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள்.

இன்னொன்று, ஊர்ப் பெரியவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவர் வண்டியில் காலனிக்குள் இறங்காதீர்கள். அன்று அங்கே யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டு இடத்துக்கும் வேறு வேறு நாள் வையுங்கள், முதலில் காலனிக்குப் போங்கள். ஊர்த் தரப்பையும் கட்டாயம் எடுங்கள். அதிகாரம் எப்படித் தன்னை நியாயப்படுத்திக்கொள்கிறது என்பது அவர்கள் வாயால் வந்தால்தான் படத்துக்கு வலு.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களைப் பேசவைக்க வேண்டியிருக்கிறது. முகத்தை மங்கலாக்கினால் போதுமா?
– கல்லூரி மாணவி, அரூர்

போதாது. உங்கள் பக்கத்தில் இருக்கும் பழங்குடி ஊரான வாச்சாத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று ஊருக்குள் புகுந்த அரசுத் துறையினர் தொடங்கிய கொடுமைக்கு, தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும், வனத்துறை 126, காவல்துறை 84, வருவாய்த்துறை 5 என, குற்றவாளிகள் ஆனார்கள். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வழக்கில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் 18 பெண்கள். அவ்வளவு சின்ன ஊரில் முகம் எதற்கு? ஒரு வளையல், கையில் குத்திய பச்சை, வீட்டுக் கதவின் நிறம், பின்னால் தெரியும் வேப்பமரம் போதும், யார் என்று சொல்லிவிடுவார்கள்.

பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். அவரே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் விலக்கு உண்டு. குழந்தை என்றால் போக்சோ சட்டம் 23-ஆம் பிரிவு. அங்கே பெற்றோர் சொன்னார்கள் என்று காட்டிவிட முடியாது.

மறைப்பதைப் படப்பிடிப்பிலேயே செய்யுங்கள். எடிட்டிங்கில் மங்கலாக்கினாலும் மெமரி கார்டில் முகம் அப்படியே கிடக்கும், கார்டு எந்தக் கைக்கும் போகலாம். கைகளை மட்டும் எடுக்கலாம். ஜன்னலுக்கு முன் உட்காரவைத்து, கேமராவின் வெளிச்ச அளவை முகத்துக்கு வைக்காமல் ஜன்னலுக்கு ஏற்ப வைத்து எடுத்தால் உருவம் கறுப்பாக நிற்கும். குரலைக் கட்டையாக்கும் மென்பொருளை நம்பாதீர்கள், அதைத் திரும்ப மாற்றிவிடலாம். அதே வட்டாரப் பேச்சுள்ள வேறொரு பெண்ணை அந்த வார்த்தைகளை அப்படியே பேசவைத்து, அதைப் படத்தில் எழுத்தாகவும் சொல்லிவிடுங்கள்.

மற்ற பேட்டிகளில் சம்மதத்தைக் கேமராவிலேயே அவர் பேச்சில் வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு நிலம் இழந்தவர்கள் இருக்கும் இடத்தில் படிவத்தை நீட்டினால் பயப்படுவார்கள். யூடியூபில் போகும், உங்கள் ஊர்க்காரரும் பார்ப்பார், இன்ன தேதிவரை வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் கிளம்பிப் போனபிறகும் அவர் அங்கேதான் குடியிருக்கவேண்டும். அதனால் எடிட் முடிந்ததும் முதல் பார்வை அவருக்குத்தான்.

கையில் இரண்டு போன் மட்டுமே இருக்கிறது. முதலில் என்ன வாங்கலாம்?
– ஆசிரியர், பென்னாகரம்

கேமரா வேண்டாம், வயர் உள்ள காலர் மைக் வாங்குங்கள். படம் சுமாராக இருந்தால் பார்ப்பார்கள், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். இரண்டாவது போனில் மைக்கைச் செருகி, ஏர்பிளேன் மோடில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் கீழே இருக்கட்டும். புடவை முந்தானையில் குத்தினால் சரசரக்கும். ரவிக்கை ஓரத்தில், தாலிச்சரடு உரசாத இடமாகக் குத்துங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, பேட்டி முடிந்ததும் அந்த அறையின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள், எடிட்டிங்கில் வெட்டு தெரியாமல் ஒட்ட அதுதான் உதவும்.

போன் கேமரா வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் வேகத்தைத் தானே மாற்றும். பேட்டி நீள நீள, தனியாக எடுத்த ஒலி உதட்டசைவை விட்டு விலகுவது அதனால்தான். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 50-ல் ஒரு பங்கு என்று கேமரா ஆப்பில் மாறாமல் பூட்டுங்கள், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப் லைட் மினுக்கலும் நிற்கும். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால் ஒலியும் படமும் சேர்க்க எளிது.

பொது இடத்தில் திரையிட அனுமதி வேண்டுமா? எதிர்ப்பு வந்தால்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

1952 சினிமாட்டோகிராஃப் சட்டப்படி பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், ஆவணப்படத்துக்கும்தான். ஏழை–பணக்கார இந்தியாவைக் காட்டிய ஓர் ஆவணப்படம் தொடர்பான கே.ஏ. அப்பாஸ் வழக்கில் 1970-ல் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கை செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் சான்றிதழ் வாங்கிய படத்தை "கலவரம் வரும்" என்று தடுக்க முடியாது. இடஒதுக்கீட்டைப் பேசிய 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில், மிரட்டலைக் காட்டி அரசு கைவிரிக்கக்கூடாது என்று 1989-ல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் நகலைக் காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் கடிதத்தோடு இணையுங்கள். நடைமுறை கடினம்தான். 2017-ல் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய 'கக்கூஸ்' படத்தின் திரையிடல்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டு, படம் யூடியூபில் போய்ச் சேர்ந்தது. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி தனியாக வேண்டும், இரவு 10 மணிக்குள் முடியுங்கள்.

இடம் முக்கியம். ஊர்க் கோயில் முன் வைத்தால் காலனி வராது, காலனியில் வைத்தால் ஊர் வராது. அரசுப் பள்ளி மைதானம் கேளுங்கள். வேட்டித்துணியில் வெளிச்சம் ஊடுருவிவிடும், பழைய ஃபிளெக்ஸின் வெள்ளைப் பின்பக்கம் நல்ல திரை. ஜெனரேட்டர் என்றால் நீள வயர் போட்டுச் சுவருக்கு அப்பால் வையுங்கள்.

இருளர் பேச்சு, கன்னடம், தெலுங்கு எல்லாம் கலந்து வருகிறது. சப்டைட்டில் எந்தத் தமிழில் போடுவது?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

பேச்சுத் தமிழில் போடுங்கள். மலைக்காரர் வாயில் செய்தித்தாள் நடையைத் திணித்தால் பேசியவர் மறைந்து அதிகாரி வந்து நிற்பார். ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஊர்த் திரையிடலில் மெதுவாகப் படிப்பவர்களும் இருப்பார்கள் என்பதால் வழக்கத்தைவிட ஒரு நொடி கூடுதலாக நிறுத்துங்கள். அந்தப் பேச்சு தெரிந்த ஒருவரை எடிட்டிங் மேசையில் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வெட்டையும் அவர் பார்த்த பிறகே பூட்டுங்கள்.