ஸ்காட்ச் விஸ்கி கோஷரா (யூத உணவு விதிக்கு உட்பட்டதா), இல்லையா? யூத மதகுருக்களான ரபிகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

பார்லி, தண்ணீர், ஈஸ்ட் மட்டும் சேரும் சிங்கிள் மால்ட் விஸ்கியில் யூத உணவு விதிப்படி என்ன தடை என்று கேட்டிருக்கிறீர்கள். மூலப்பொருளில் தடையில்லை, சிக்கல் பீப்பாயில்தான் இருக்கிறது.

ஸ்காட்ச் குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். பல ஆலைகள் ஸ்பெயினின் ஷெரி இருந்த பழைய பீப்பாய்களையும் பயன்படுத்துகின்றன. ஷெரி திராட்சை மது. யூதரல்லாதவர் தயாரித்த திராட்சை மது யூதச் சட்டப்படி விலக்கு. மரம் உறிஞ்சிவைத்த அந்த மது விஸ்கியில் இறங்கினால்?

அமெரிக்காவில் வாழ்ந்த ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் இதில் தளர்வான பக்கம். கலந்த மது ஆறில் ஒரு பங்குக்கு மிகாவிட்டால் அது கணக்கில் வராது, ஆனாலும் பக்தியில் தீவிரமானவர் தவிர்ப்பது நல்லது என்றார். லண்டனின் யூத மத நீதிமன்றமான ‘பெத் தின்’ ஷெரி பீப்பாய் ஸ்காட்சை அனுமதிக்கிறது. அமெரிக்காவில் பல கோஷர் சான்று அமைப்புகள் அதை ஏற்பதில்லை. அவர்கள் வாதம்: ஷெரி வாசனைக்காகவே அந்தப் பீப்பாயைத் தேடி வாங்கி, லேபிளிலும் பெருமையாக அச்சிடுகிறார்கள், அப்புறம் அது எப்படிக் கணக்கில் வராமல் போகும்? எனக்கு இது வலுவான வாதமாகவே படுகிறது.

பாலிலும் இதே கதைதான். கறக்கும்போது யூதர் ஒருவர் மேற்பார்க்க வேண்டும் என்பது பழைய விதி. வேறு விலங்கின் பால் கலந்தால் அரசு தண்டிக்கும், அந்தப் பயமே மேற்பார்வைக்குச் சமம் என்றார் ஃபைன்ஸ்டைன். பலர் ஏற்றார்கள், சிலர் இன்றும் ஏற்கவில்லை.

யூத நண்பருக்கு பாட்டில் வாங்குவதாக இருந்தால், எந்த அமைப்பின் முத்திரையை ஏற்பார் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.