கன்டெய்னரில் ஏற்றாதீர்கள், டீச்சர்

கேள்வி: திருப்பூர் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருக்கிறேன். காஸாவில் நடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே கிளம்பினார்கள். பனியன் கம்பெனிகள் கொடுத்த கட்பீஸ் துணியில் 140 கவுன் தைத்துவிட்டார்கள். பலகாரக் கடை போட்டும் உண்டியல் வைத்தும் 61,350 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதில் 23,000 ரூபாயைப் பெற்றோர்கள் என் ஜி.பே. எண்ணுக்கு அனுப்பினார்கள். இப்போது 'ஒருங்கிணைப்பாளர்' என்று ஒருவர் வந்திருக்கிறார். கவுனுக்கு 90 ரூபாய் கன்டெய்னர் செலவு கொடுத்தால் நேரே அங்கே சேர்த்துவிடுவாராம். துணிக்கும் பணத்துக்கும் சேர்த்துப் பெற்றோருக்கு, நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கேட்க உதவும் 80ஜி ரசீதும் தருவாராம். நம்பலாமா? அவர் வேண்டாமென்றால் எப்படி அனுப்புவது?

பதில்: வேண்டாம். அவரிடம் ஒரு ரூபாயோ ஒரு கவுனோ கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டுப் பிறகு ஆலோசனை கேட்கிறவர்கள்தான் எனக்கு அதிகம். நீங்கள் முன்னாலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று.

முப்பது வருடமாக டிரஸ்ட், சங்கம், பள்ளிக் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் நான். இந்த 'ஒருங்கிணைப்பாளர்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எச்சரிக்கையாகிவிடுவேன். லெட்டர்ஹெட்டில் ஒரு புறா, ஒரு பூமி உருண்டை, கீழே நாலு செல்போன் எண் இருக்கும். பதிவு எண் மட்டும் இருக்காது. இருந்தாலும் அது வேறு யாருடைய டிரஸ்டின் எண்ணாகவோ இருக்கும்.

அவர் சொன்னதில் இரண்டு பொய் வெளிப்படையாகவே இருக்கிறது. முதலாவது, துணிக்கு 80ஜி. பொருளாகக் கொடுக்கும் எதற்கும் 80ஜி கழிவு கிடையாது. கவுன், அரிசி, போர்வை எதுவாக இருந்தாலும் சரி, சட்டம் பணத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது. இது தெரியாதவர் நன்கொடை வேலைக்கே லாயக்கில்லை. தெரிந்தே சொன்னார் என்றால் நான் எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது, கன்டெய்னர். நீங்கள் திருப்பூர்க்காரர், உங்களுக்கு நான் பாடம் எடுக்கக் கூடாது. உங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கன்டெய்னரில் சரக்கு போக வேண்டுமென்றால் ஷிப்பிங் பில், அதாவது ஏற்றுமதிக்காகச் சுங்கத் துறையில் கொடுக்கும் பத்திரம், வேண்டும். அது யார் பெயரில்? அந்தப் பக்கம் சரக்கை எடுத்துக்கொள்ளப் போவது யார்? துறைமுகக் கட்டணம், கிடங்கு வாடகை, அங்குள்ள சுங்கம் எல்லாம் யார் தலையில்? காஸாவுக்குள் எந்தப் பொருளும் சோதனைச் சாவடி தாண்டாமல் போவதில்லை. பெரிய பெரிய அமைப்புகளின் லாரிகளே வரிசையில் நிற்கிற இடம் அது. கவுனுக்கு 90 ரூபாய் வாங்கிக்கொண்டு, 12,600 ரூபாயில் இதையெல்லாம் முடித்துவிடுவேன் என்கிறவர் அந்தத் துணியை ஈரோட்டுச் சந்தைக்கு அனுப்புவாரே தவிர மத்தியதரைக் கடலுக்கு அனுப்ப மாட்டார்.

சந்தேகம் இருந்தால் 2009-ஐ நினைத்துப் பாருங்கள். வன்னியில் மாட்டிக்கொண்ட மக்களுக்காக ஐரோப்பாவில் உள்ள தமிழர்கள் வீடு வீடாகச் சேர்த்த நிவாரணப் பொருள் 884 டன். 'வணங்காமண்' என்று பேர் வைத்துக் கப்பலில் ஏற்றினார்கள். இலங்கைக் கடற்படை அதைத் திருப்பி அனுப்பியது. கப்பல் சென்னைப் பக்கம் வந்து நின்றது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு வேறொரு கப்பலில் பொருள்கள் கொழும்புக்குப் போயின. போய்? வரியும் துறைமுகக் கட்டணமும் யார் கட்டுவது என்ற இழுபறியில் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தன. எத்தனை பேருடைய சேமிப்பு, எத்தனை பேருடைய அழுகை! அவ்வளவு பெரிய முயற்சிக்கே அந்த நிலைமை.

அரசாங்கமே அனுப்ப நினைத்தாலும் சும்மா முடியாது. 2022-ல் இலங்கை நெருக்கடியின்போது தமிழ்நாடு அரசு அரிசி, பால்பவுடர், மருந்து அனுப்பியது. அதற்கே சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, ஒன்றிய அரசின் அனுமதி வாங்கி, மே மாதம்தான் முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. ஒரு மாநில அரசுக்கே இத்தனை படி என்றால் ஒரு தையல் வகுப்புக்கு எத்தனை படி என்று யோசியுங்கள். நியாயமா என்று கேட்டால் இல்லைதான். பிள்ளைகள் தைத்த ஒரு மூட்டைத் துணியைப் போர் நடக்கும் இடத்துக்கு முறையாக அனுப்ப வேண்டுமானால் எந்த ஜன்னலில் போய் நிற்பது என்று நம் அலுவலகங்களில் கேட்டுப் பாருங்கள். 'அது நம்ம செக்ஷன் இல்லை' என்ற ஒரே பதில்தான் எல்லா ஜன்னலிலும் வரும். அந்த இடைவெளியில்தான் இந்த ஒருங்கிணைப்பாளர்கள் முளைக்கிறார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம்.

முதல் வேலை, உங்கள் ஜி.பே.யில் இருக்கிற 23,000 ரூபாயை இன்றே பள்ளிக் கணக்குக்கோ பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்குக்கோ மாற்றுங்கள். தலைமையாசிரியையின் கையெழுத்தோடு ஒரு ரசீது வாங்குங்கள். உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாளைக்கு ஒரு பெற்றோர் 'எங்கே போச்சு?' என்று கேட்டால், வங்கி அறிக்கையில் உங்கள் மளிகைக் கடை பாக்கிக்கும் பால்காரர் கணக்குக்கும் நடுவில் அந்தப் பணம் உட்கார்ந்திருக்கும். மீதி 38,350 ரூபாய் ரொக்கத்தை இரண்டு ஆசிரியர்களும் நான்கு மாணவிகளும் சேர்ந்து எண்ணட்டும். எண்ணிய தாளில் ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். டிசம்பர் 7 கொடி நாள் வசூலுக்கு உண்டியலை சீல் வைத்துத்தானே கொடுக்கிறார்கள். அந்த ஒழுங்கு இதற்கும் வேண்டும்.

அப்புறம் அனுப்புவது. வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்பத் தனிநபருக்கு ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது, நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை. பள்ளி, டிரஸ்ட், சங்கம் இவற்றுக்கு அந்த வழி கிடையாது. 'அப்போ என் பெயரிலேயே அனுப்பிவிடுகிறேன்' என்று கிளம்பிவிடாதீர்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறும். ஊரார் பணத்தை உங்கள் பணம் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பள்ளியை நடத்தும் டிரஸ்ட் தன் கணக்கிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் செலவிட்டால் அதன் வரிவிலக்குக்கே சிக்கல் வரும்.

சுலபமான வழி இதுதான். இந்தியாவில் ரூபாயிலேயே நன்கொடை வாங்கும் ஐ.நா. அமைப்புகள் உண்டு. யுனிசெஃப் அதில் ஒன்று. அவர்களுடைய சொந்த இணையதளத்தில் இருக்கிற முகவரிக்கு, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்புக்கு அல்ல, தலைமையாசிரியை ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். பள்ளியின் பெயரில் வாங்கிக்கொள்வீர்களா, இது எந்த வேலைக்குப் போகும் என்று இரண்டே கேள்வி. பதில் எழுத்தில் வந்த பிறகு வங்கி மூலம் அனுப்புங்கள். 'காஸாவுக்கு மட்டும்தான்' என்று அவர்களால் உறுதி தர முடியாமல் போகலாம். அப்படியானால் அதைப் பிள்ளைகளிடம் சொல்லி அவர்களே முடிவு செய்யட்டும். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.

80ஜி பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெற்றோர் உங்களைத் துளைத்துவிடுவார்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்த 80ஜி கழிவே கிடையாது. உங்கள் பெற்றோர்களில் சம்பளக்காரர்கள் பெரும்பாலும் அதில்தான் இருப்பார்கள். பழைய முறையில் இருக்கிற ஒருவர் என்றால்? 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. சரி, அவர் ரொக்கமாகக் கொடுக்கவில்லை, ஜி.பே.யில் 3,000 கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கிடைக்காது. ஏனென்றால் அவர் கொடுத்தது உங்களுக்கு, 80ஜி அனுமதி பெற்ற அமைப்புக்கு அல்ல. அந்த 3,000 மொத்தத் தொகையோடு சேர்ந்து போகும்போது ரசீது பள்ளியின் பெயரில் வரும். அவர் பெயரில் ரசீது வேண்டுமானால் அவரே நேரடியாக, தன் பான் எண்ணோடு, அந்த அனுமதி இருக்கிற அமைப்புக்கு அனுப்ப வேண்டும். அதன் பிறகு அந்த அமைப்பு வருமான வரித் துறையின் தளத்திலிருந்து எடுத்துத் தரும் சான்றிதழ், இதுவரை 10பிஇ என்று அழைத்தார்களே, அது வேண்டும். அமைப்பு தன் லெட்டர்ஹெட்டில் அடித்துத் தரும் அழகான காகிதம் போதாது. உங்கள் பள்ளியில் இப்படி ஒருவரோ இருவரோ இருக்கலாம். அவர்களுக்கு அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து நேரே அனுப்பச் சொல்லுங்கள். அந்த இரண்டு பேருக்காக 300 பேரின் பணத்தை ஒருங்கிணைப்பாளர் கையில் கொடுக்காதீர்கள்.

இதைச் சொல்வதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. 1999-ல் கார்கில் சமயம், என் மகள் படித்த பள்ளியில் பிள்ளைகள் தீபாவளிப் பட்டாசுக்கு வைத்திருந்த பணத்தையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார்கள். தேசியப் பாதுகாப்பு நிதிக்கு நேரே ஒரு வரைவோலை எடுத்து அனுப்பியிருந்தால் அரை மணி நேர வேலை. யாரோ ஒரு சங்கத்தின் பொருளாளர் வந்து 'மாவட்டம் முழுக்கச் சேர்த்து மொத்தமாகக் கொடுக்கிறோம், பத்திரிகையில் படம் வரும்' என்றார். படம் வந்தது. ரசீது வரவில்லை. ஒரு வருடம் நடந்தேன். கடைசியில் கிடைத்தது ஒரு கேடயம். என் மகள் கொடுத்தது 85 ரூபாய். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இனி அந்த 140 கவுன்கள். பிள்ளைகளுக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: பணம் கடல் தாண்டும், துணி தாண்டாது. துணி பக்கத்தில்தான் போக வேண்டும்.

உங்கள் பள்ளியில் ஜே.ஆர்.சி. இருக்கும்தானே? அந்த இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் பிறந்ததே முதல் உலகப் போரில் இந்த மாதிரி வேலைக்காகத்தான். ஆஸ்திரேலியாவில் 1914-லேயே பள்ளிப் பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1917 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் வில்சனே மாணவர்களைக் கூப்பிட்டார். ஒரு மாணவருக்கு 25 சென்ட் என்று சேர்த்தார்கள். அந்தக் காசில் துணியும் நூலும் வாங்கி, அகதிக் குழந்தைகளுக்கு உடைகளும் கட்டுத்துணிகளும் செய்தார்கள். அளவும் மாதிரியும் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்தது, முடித்ததை உள்ளூர்க் கிளை பார்த்து வாங்கியது. கப்பலில் ஏற்றியது பிள்ளைகள் இல்லை, சங்கம். எந்த அளவு வேண்டும் என்று வாங்குகிறவர் முதலில் சொன்னார், பிள்ளைகள் பிறகு தைத்தார்கள். நாம் தைத்துவிட்டு வாங்குகிறவரைத் தேடுகிறோம்.

தேட வெகுதூரம் போக வேண்டாம். போரிலிருந்து தப்பி வந்தவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பவானிசாகர் உங்களுக்கு அதிக தூரமில்லை. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்காதீர்கள், அனுமதி வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு, முகாம்களைப் பார்க்கும் பிரிவுக்கு, பள்ளியின் கடிதம் ஒன்று கொடுங்கள். இரண்டு முறை அலைய விடுவார்கள், மூன்றாவது முறை நடக்கும். கடிதத்தில் 'அகதிகள்' என்று எழுத வேண்டாம். 2021-லேயே முகாம்களின் பெயரை மாற்றிவிட்டார்கள். அங்கிருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள், உங்கள் மாணவிகளைப் போலவே திருக்குறள் ஒப்பிக்கிறவர்கள்.

போகும் முன் முகாமில் எத்தனை வயதுப் பெண் குழந்தைகள் எத்தனை பேர் என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் 140 கவுனும் ஒரே அளவு என்று எனக்கு ஒரு சந்தேகம். கட்பீஸ் துணியில் தைத்தால் துணி விட்ட அளவுக்குத்தான் கவுன் வரும். ஓர் அளவில் தேவைக்கு மேல் இருந்தால் அந்தக் கூடுதலை மட்டும் பள்ளியில் விற்று, காசை 61,350-டன் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு கவுனிலும் வயதைப் பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டைக் குத்துங்கள், பள்ளியின் பெயரை வேண்டாம். ஊக்கு குத்தினால் எடுத்துவிட்டுக் கொடுங்கள், நாலு வயசுக் குழந்தைக்குக் குத்திவிடும்.

பிள்ளைகள் பழைய துணியும் கொண்டுவந்து சேர்த்திருந்தால் தயவுசெய்து பிரித்துவிடுங்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரம் பழைய துணி மலை மலையாகக் குவிந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டை இழந்த மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. மழையில் ஊறி, மாடு படுத்து, கடைசியில் பஞ்சாயத்துக்காரர்கள் அள்ளினார்கள். உங்கள் மாணவிகள் தைத்தது புதுத் துணி, புதுத் துணியாகவே போகட்டும்.

கொடுக்கும்போது வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டாம். முகாம் தலைவரிடம் மூட்டையாகக் கொடுத்து, எத்தனை கவுன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும்.

ஒருங்கிணைப்பாளர் மறுபடி போன் செய்தால் சண்டை போடாதீர்கள். போன கன்டெய்னரின் ஷிப்பிங் பில் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதற்கப்புறம் கூப்பிட மாட்டார்.