இலையுதிர் காலத்தில் நாய்களோடு ரூஜ் பூங்காவில் நடப்பது பற்றி

குலசேகரத்திலிருந்து அண்மையில் கனடாவின் டொராண்டோ நகரத்து ஸ்கார்பரோ பகுதிக்கு வந்த தம்பி ஒருவர், தாம் தங்கியிருக்கும் வீட்டு உரிமையாளரின் இரண்டு நாய்களை வார இறுதிகளில் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்கு நடத்திச் செல்லும் பொறுப்பு தமக்கு வந்திருப்பதாகவும், அங்கே நாய்களை அவிழ்த்துவிடலாமா, அஞ்ச வேண்டியது ஏதேனும் உண்டா என்றும் கேட்டிருக்கிறார். நாகர்கோவிலை விட்டு வந்து பல ஆண்டுகளாக இதே பக்கம் வசிப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தாராளமாகப் போங்கள், தம்பி. நுழைவுக் கட்டணம் கிடையாது. விலங்குக்காட்சி சாலைக்கு அருகே தொடங்கும் விஸ்டா பாதை முதல் நடைக்குப் போதுமானது. அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி நவிலும் நாளை ஒட்டி மேப்பிள் மரங்கள் நன்றாகச் சிவந்திருக்கும் என்பதால் அந்த வாரத்தில் கூட்டமும் மிகுதி. நாய்களோடு போகிறவர் காலையிலேயே போய்விடுவது நல்லது.

பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்துக் காடு என்றால் யானையை நினைத்துப் பழகியவர்கள் நாம். ஆகவே இங்கும் பெரிய விலங்கைத்தான் மனம் முதலில் தேடும். கயோட்டி என்னும் ஓநாய் இனத்து விலங்கு இங்கே உண்டு என்றாலும், நாய் கயிற்றில் இருக்கும்வரை அதனால் பெரும்பாலும் தொல்லை இல்லை. நான் அஞ்சச் சொல்வது எள்ளளவே உள்ள கருங்கால் உண்ணியை. குளிர் வந்தால் பூச்சிகள் ஒடுங்கிவிடும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் வளர்ந்த கருங்கால் உண்ணிகள் இலையுதிர் காலத்தில்தான் மிகுதியாக நடமாடுகின்றன, வெப்பநிலை 4 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால் நவம்பரிலும் புல் நுனியிலும் சருகிலும் காத்திருக்கின்றன. அவற்றில் சில, பாக்டீரியாவால் வரும் லைம் நோயைப் பரப்பும். எனவே பாதையின் நடுவே நடங்கள், காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், சருகுக் குவியலில் புரள நாய்களை விடாதீர்கள்.

வீடு திரும்பியதும் நாய்களின் காதுமடல், கழுத்துப்பட்டையின் அடி, விரலிடுக்கு ஆகியவற்றையும், உங்கள் முழங்கால் மடிப்பு, அக்குள் ஆகியவற்றையும் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால், ஊரில் அட்டைக்குச் செய்வதுபோல உப்போ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிடுங்கள். நோய்க்கிருமி உடலுக்குள் செல்லப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேலாகும் என்பதால் அன்றே பார்ப்பவருக்கு அச்சம் குறைவு. அதன்பின் காய்ச்சலோ, விரிந்துகொண்டே போகும் சிவந்த தடிப்போ வந்தால் மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். நாய்களுக்கு உண்ணி மருந்து கொடுக்கப்படுகிறதா என்று உரிமையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அவிழ்த்துவிடும் பேச்சே வேண்டாம். பூங்காவில் நாய் எப்போதும் கயிற்றில் இருக்க வேண்டும் என்பது விதி. டொராண்டோ நகர விதியோ கயிறு 2 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்கிறது. எதிரே வருபவர் அஞ்சி ஒதுங்கினால் “கடிக்காது” என்று சமாதானம் சொல்வதைவிட, நாயை ஓரமாக நிறுத்தி வழிவிடுவதே முறை. கழிவைப் பையில் எடுத்துவிடுங்கள். டொராண்டோ வீடுகளில் அதை மட்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டியிலேயே போடலாம்.

நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். அதன்பின் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பதால் மூன்று மணிக்குள் நடையைத் தொடங்கிவிடுங்கள்.