உயர்நீதிமன்றச் சுவரில் திலகர்

அன்புள்ள ஐயா,

சொத்து வழக்கு விஷயமாகச் சித்தப்பாவுடன் மும்பை உயர்நீதிமன்றம் போயிருந்தேன். 1908-ல் தண்டனை அறிவிக்கப்படும் முன் திலகர் பேசிய வார்த்தைகளை அங்கே சலவைக்கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். மனிதரை ஆறு வருஷம் பர்மாவின் மாண்டலே சிறையில் போட்டுவிட்டு, செத்த பிறகு கல் வைத்து என்ன பிரயோஜனம்? நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், வ.உ.சி. கதை கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் மனசு ஆறவில்லை.

ஒரு வாசகர், தாராவி

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்தக் கல்லை வெறும் சடங்கு என்று என்னால் தள்ள முடியவில்லை.

1908 ஜூலை 22, இரவு. தன் மராத்திப் பத்திரிகையான கேசரியில் எழுதிய கட்டுரைகளுக்காக 124-ஏ பிரிவில் ராஜத்துரோக வழக்கு. திலகர் தனக்காகத் தானே 21 மணி நேரத்துக்கு மேல் வாதாடி முடித்திருந்தார். ஒன்பது ஜூரிகளில் ஏழு பேர் குற்றவாளி என்றார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது எழுந்து சொன்னதுதான் நீங்கள் பார்த்தது: ஜூரியின் தீர்ப்பு என்னவானாலும் நான் குற்றமற்றவன்; மனிதர்களின், தேசங்களின் விதியை ஆளும் மேலான சக்திகள் உண்டு; நான் வெளியே இருப்பதைவிட நான் படும் துன்பத்தால்தான் என் காரியம் செழிக்கும் என்பது தெய்வ சித்தமாக இருக்கலாம்.

அடுத்துப் பேசியவர் நீதிபதி தாவர். 1897 வழக்கில் இதே திலகருக்கு ஜாமீன் கேட்டு வாதாடிய வக்கீல் அவர். இப்போது, இப்படி எழுதுவது நோய் பிடித்த, கோணலான மனம் என்று கண்டித்து ஆறு வருஷம் நாடு கடத்தினார். அந்த இரவில் அங்கே பேசப்பட்ட இரண்டில் எது நிற்க வேண்டும் என்று 1956-ல் அதே நீதிமன்றம் முடிவு செய்தது. கல்லைத் திறந்து வைத்தவர் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா. தங்கள் நீதிமன்றம் செய்த கொடுமைக்குப் பரிகாரம் என்றே அதைக் கருதினார். அரசாங்கம் வைத்த கல் என்றால் நானும் இவ்வளவு பேச மாட்டேன். தண்டித்த இடமே தன் சுவரில் தண்டனை பெற்றவரின் மறுப்பைப் பொறித்துக்கொண்டது பெரிய காரியம். இத்தனைக்கும் கல்லைத் திறந்த அன்றைக்கும் 124-ஏ சட்டத்தில் அப்படியே இருந்தது. அது என்னை உறுத்துகிறது.

எனக்கு வேறொரு குறையும் உண்டு. தீர்ப்பு வந்ததும் பம்பாய் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆறு வருஷத் தண்டனைக்கு ஆறு நாள். துப்பாக்கிச் சூட்டில் செத்தும் போனார்கள். லெனின்கூட அந்தப் போராட்டத்தைக் குறிப்பிட்டு எழுதினார். நெல்லைக்காரரான உங்களுக்கு இது புதிதாக இருக்காது. அதே வருஷம் பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி. பேச்சைக் கேட்டு வேலையை நிறுத்தியவர்கள். மார்ச்சில் அவரைக் கைது செய்ததும் திருநெல்வேலியே கொதித்தது, அங்கேயும் சுட்டார்கள். ஜூலை 7 அவருக்குத் தண்டனை, பதினைந்தாம் நாள் திலகருக்கு.

பேசியவருக்குக் கல் இருக்கிறது. அந்தப் பேச்சுக்காக மில் வாசலை விட்டு வெளியே வந்தவர்களுக்கும் ஒரு கல் வேண்டும். மில்கள் இருந்த பரேலில், ஜனங்கள் நடக்கிற தெருவிலேயே, மராத்தியில் வைக்க வேண்டும். கோர்ட் வராந்தாவில் வழக்கு உள்ளவர்கள்தானே அதைப் படிக்கிறார்கள்?