பட்டறைப் பதில்கள்: கற்றுக்கொண்டவர் கிளம்பும்போது

கேள்வி: கோவை கணபதி பகுதியில் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் புரோகிராமில் உலோகம் கடையும் சிஎன்சி மெஷின் இரண்டு, அதேபோல் குடைந்தெடுக்கும் விஎம்சி மெஷின் ஒன்று. பம்புசெட் பாகங்களை மற்ற கம்பெனிகளுக்குச் செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க். ஐடிஐ முடித்த கையோடு என்னிடம் வந்த பையன் இன்று மெஷினை வேலைக்குத் தயார்செய்யும் நல்ல செட்டர். இப்போது பக்கத்துத் தெருவிலேயே கடன் வாங்கி மெஷின் போடப்போகிறானாம். என் கஸ்டமரை இழுத்துவிடுவானோ என்று பயம். இனி வேலைக்கு வருகிறவர்களிடம் '3 வருஷத்துக்கு இதே தொழில் செய்ய மாட்டேன்' என்று பத்திரம் எழுதி வாங்கலாமா? (வாசகர், கோவை)

வாங்கலாம், வாங்கி பீரோவில் வைக்கலாம். அதற்கு மேல் அந்தப் பத்திரத்துக்கு வேலை இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, ஒருவரை முறையான தொழில் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. உங்களிடம் சம்பளம் வாங்கும் வரை வெளி வேலை பார்க்கக் கூடாது என்று சொல்லலாம். கஸ்டமர் டிராயிங்கையும் உங்கள் ரேட்டையும் வெளியே கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கலாம். வேலையை விட்டபின் மெஷினே போடாதே என்பது நிற்காது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் யோசனையும் நம் பக்கத்தில் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன், கோவித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் யாரிடம் தொழில் கற்றீர்கள்? ஆவாரம்பாளையம், பீளமேடு, கணபதி என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும், இன்றைய முதலாளிகளில் பலர் நேற்று யாரிடமோ ஹெல்பராக இருந்தவர்கள்தான்.

கஸ்டமர் விஷயத்துக்கு வருவோம். ரேட், டெலிவரி, ரிஜெக்‌ஷன் மூன்றையும் பார்த்துத்தான் அவர் இருப்பார் அல்லது போவார். ஒற்றை மெஷினும் தலைக்கு மேல் தவணையும் இருக்கும் பையனால் உங்கள் வேலை முழுவதையும் எடுக்க முடியாது. நீங்கள் பயப்பட வேண்டியது வேறு. எந்த பாகத்துக்கு எந்த இன்செர்ட் (வெட்டும் முனை), ஜா (பாகத்தைக் கவ்வும் தாடை) எப்படிப் பிடிக்க வேண்டும், எத்தனை பீஸுக்கு ஒருமுறை ஆஃப்செட் (மெஷினில் போடும் அளவுத் திருத்தம்) மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவன் தலையில் மட்டும்தானே இருக்கிறது? அவன் ஊர்த் திருவிழாவுக்கு லீவு போட்டபோது உங்கள் விஎம்சி ஓடியதா?

அவனைக் கூப்பிட்டு முகம் கொடுத்துப் பேசுங்கள். இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு செட்டிங் தாள் எழுதி மெஷின் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். புரோகிராம்கள் அவன் பென்டிரைவில் மட்டும் இருந்தால் இன்றைக்கே ஒரு காப்பி எடுங்கள். அப்புறம், அடுத்த ஆளை செட்டிங் போடவிட்டு அவன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும். நேரம் பிடிக்கும், சில பீஸ் ஸ்கிராப் ஆகும், ஆகட்டும். கிளம்பும் நாளில் பாக்கியைச் சுத்தமாகத் தீர்த்து, உங்களிடம் மிஞ்சுகிற ஆர்டரில் கொஞ்சம் அவனுக்கே கொடுங்கள். என்னிடமிருந்து போய்ச் சொந்தமாக லேத் போட்டவர்தான், ஆர்டர் நெருக்கிய மாதங்களில் எனக்கு இரவு ஷிஃப்ட் ஓட்டிக்கொடுத்தார். புது ஆள் வெளியே பார்த்துச் சேர்த்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது.

கேள்வி: திருப்பூரில் தையல் யூனிட். 9 பேர் இருக்கிறார்கள். பத்தாவது ஆள் வந்தால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கட்ட வேண்டி வந்துவிடும் என்கிறார் கணக்கு எழுதுபவர். அந்த ஒருவரை மட்டும் கான்ட்ராக்டர் மூலம் எடுத்தால்? (வாசகர், திருப்பூர்)

கான்ட்ராக்டர் ஆளும் எண்ணிக்கையில் சேருவார். ஒருமுறை வரம்புக்குள் வந்துவிட்டால், பிறகு 9 ஆகக் குறைந்தாலும் வெளியே வர முடியாது. சரி, செலவு எவ்வளவு? மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்குத்தான் இது. 18,000 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய். அவர் பங்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். இதற்குப் பயந்து ஆர்டரை வேண்டாம் என்று சொல்கிறீர்களா? வேலையில் ஒருவருக்கு அடிபட்டால் வைத்தியமும் நஷ்ட ஈடும் உங்கள் தலையில் விழாமல் ஈ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும். பத்தாவது ஆளைத் தாராளமாக எடுங்கள்.

கேள்வி: நான் ஒரே மகள், பெங்களூரில் ஐ.டி. வேலை. கும்பகோணத்தில் அப்பாவின் பாத்திரக் கடையை வந்து பார்க்கச் சொல்கிறார். சம்பளம் என்ற பேச்சே எடுக்கவில்லை. வேலையை விடலாமா? (வாசகி, பெங்களூர்)

சம்பளத்தைப் பேசி முடிக்காமல் ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள், அம்மா. 'எல்லாம் உனக்குத்தானே' என்று அப்பா சொல்வார். உண்மைதான், ஆனால் மாதாமாதம் உங்கள் கணக்கில் ஒரு தொகை விழ வேண்டும். லீவு கொடுப்பது யார், ஆளைச் சேர்ப்பது யார், கடனுக்குச் சரக்கு கொடுப்பது யார் என்பதையும் முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்கள் மறுத்த லீவை ஊழியர்கள் அப்பாவிடம் வாங்கிக்கொள்வார்கள். வந்ததும் கல்லாவில் உட்கார வேண்டாம். தை முகூர்த்தம், ஆடியின் மந்தம், தீபாவளி என ஒரு சுற்று கொள்முதலைக் கவனியுங்கள். நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எடை போடுகிற பெரியவரை அதுவரை மாற்றவே மாற்றாதீர்கள். எந்த வியாபாரி எடையில் ஏமாற்றுவார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அப்பாவிடம் நேரில் சம்பளம் கேட்கக் கூச்சமாக இருந்தால், கடையின் ஆடிட்டரை விட்டுக் கேளுங்கள்.