மீன் போனதா, வாங்குபவர் போனாரா?

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கும் விக் துறைமுகத்துக்குப் போய்வந்தேன். ஹெர்ரிங் மீனுக்காகக் கட்டிய கல் கட்டடங்களில் இப்போது காற்றாலை அலுவலகம் நடக்கிறது. கடலில் மீன் தீர்ந்ததால்தான் இந்த மாற்றமா? பழைய கட்டடங்களுக்குப் பின்னால் அத்தனை முற்றங்கள் எதற்கு?

ர., அபர்டீன்

அன்புள்ள ர.,

முற்றத்திலிருந்தே தொடங்குகிறேன். ஹெர்ரிங் நம் மத்தியைப் போல எண்ணெய்ச் சத்து மிகுந்த மீன், சீக்கிரம் கெட்டுவிடும். பிடித்த ஒரு நாளுக்குள் குடலை எடுத்து உப்பில் போட்டாக வேண்டும். பிரிட்டிஷ் மீன்வளச் சங்கத்துக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் விக்கின் மீன்பிடிப் பகுதியான புல்ட்னிடவுனைத் திட்டமிட்டபோது, மீன் பதப்படுத்தும் முற்றங்களையும் கிடங்குகளையும் துறையை ஒட்டி வைத்தது அதனால்தான். குடியிருப்புகளை மேட்டுக்குத் தள்ளிவிட்டார். முற்றத்தில் மும்மூன்று பெண்களாக வேலை செய்வார்கள். இருவர் மீனைக் கீற, ஒருவர் பீப்பாயில் அடுக்குவார். கத்தி பட்ட இடத்தில் உப்பு ஏறினால் எப்படி எரியும்! விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டுதான் நிற்பார்கள். 1860களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் அங்கே தொழில் செய்தன.

சரி, மீன் தீர்ந்த கதை. அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். பீப்பாய்களில் பெரும்பகுதி ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் போனது. முதல் உலகப் போர் அந்த வழியை அடைத்தது. 1917 புரட்சிக்குப் பிறகு ரஷ்ய வியாபாரம் படுத்தேவிட்டது. மீன் இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. ஸ்காட்டிஷ் ஹெர்ரிங்குக்கு இது புதிதும் அல்ல. ஒரு காலத்தில் கரீபியத் தோட்டங்களில் அடிமைகளுக்குப் போட்ட மலிவுச் சாப்பாடு அது. 1830களில் அடிமைமுறை ஒழிந்ததும் அந்தச் சந்தை சுருங்கியது. அந்த வியாபாரத்தை நினைத்து ஏங்குபவர்கள் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.



காற்றாலை அலுவலகம் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. 2019இல் திறந்த பீட்ரிஸ் கடற்காற்றாலையின் 84 கோபுரங்களையும் பராமரிப்பவர்கள் விக்கிலிருந்துதான் படகேறுகிறார்கள். பூட்டிக் கிடந்து கூரை இடிவதைவிட இது மேல். ஆனால் அந்த முற்றங்கள் நிறைய நின்ற பெண்களுக்கு ஈடாக இங்கே வேலை வரப்போவதில்லை.

அடுத்த முறை போனால் பாங்க் ரோவில் உள்ள விக் பாரம்பரிய அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பீப்பாய்ப் பட்டறையும் மீனைப் புகையில் வாட்டும் அறையும் அங்கே இருக்கின்றன. குளிர்காலத்தில் போகாதீர்கள், மூடியிருக்கும்.